பிஸ்தாவுக்குக் கட்டுன கண்ணாடி வூடு

ஏங்கண்ணு, உங்க காலைச் சித்த அக்கட்டால நகத்திக்கிறீங்களா? வலை கிழிஞ்சிரும். ஆங், அப்படித்தான். ஈரோட்டுல ஏறுனதுல இருந்து இதோட மாரடிக்கறேன். மேட்டுப்பாளையத்துல பஸ்ஸு மாறி இந்தக் கோத்தகிரி பஸ்ஸுல ஏறுனா, கண்டக்டரு இதுக்குத் தனியா லக்கேஜ் போட்டுட்டான். பாத்தீங்கல்ல? காலிக் கூட்டுக்கு லக்கேஜாமா. நானென்ன சிங்கத்தையா உள்ள வெச்சுக் கொண்டு போறேன்?

கிளிக்கூடா? எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா, கோழிக்குங்களான்னு கேட்டுது. இது பச்சோந்திக்குங்க. சிரிக்காதீங்க. நெசமாத்தான். வேலியில ஓடுமே, அது இல்ல. நம்மூரு பச்சோந்திய வூட்டுல வெச்சா புடிச்சு உள்ள போட்டுருவாங்களாம். இது வெளிநாட்டுது. தலையில கொண்டை வெச்சிருக்கும். பதிஞ்சு, ரசீதெல்லாம் வாங்கித்தான் வளக்கோணும். பேரு பிஸ்தா. எம்பட பொண்ணு சஷ்டிகா வெச்ச பேரு.

எனக்கு அவ ஒருத்திதாங்க. எட்டாவது முடிச்சிருக்கறா. அவளைக் கூட்டிட்டு வரத்தான் இப்ப போயிட்டிருக்கறேன். என்ர ஓரகத்தி வூட்டுல இருக்கறா. ஓரகத்தின்னா எங்கூட்டுக்காரரோட தம்பி சம்சாரம், யமுனான்னு பேரு. கோத்தகிரில பூச்செடி நர்சரி வெச்சிருக்கறாங்க. புள்ளகுட்டி இல்லைங்க அவளுக்கு. அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டுனதில்ல. சொல்லிக் காட்டறவளும் நானில்ல. ஆனா இல்லைன்னா இல்லைன்னு இருக்கோணுமில்ல? அடுத்தவ புள்ளைய இழுத்து மடியில வெச்சுக்குவாங்களா?

போன வருசம் பரிச்ச லீவுக்கு அங்க அனுப்புனேங்க. அதுதான் மொதல்ல நான் பண்ணிக்கிட்ட வெனை. போகையில அம்மா அம்மான்னு போன புள்ள, வரையில சித்தி சித்தின்னு வந்துச்சு. தோசை வாத்துப் போட்டா, சித்தி இதுல கேரட்டு துருவிப் போடுவாங்கம்மாங்கறா. தலை பின்னுனா, சித்தி இழுக்காம பின்னுவாங்கங்கறா. எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க. பத்து மாசம் சொமந்தவ நானு. கேரட்டு துருவுனவ பேரு அவளுக்கு வாயில வருது.

அந்த யமுனாகிட்டத்தான் மொதல்ல இதாட்டம் ஒரு பச்சோந்தி இருந்துச்சு. கண்ணாடிப் பெட்டிங்க, அவ இடுப்பொசரத்துக்கு. உள்ள செடி, கொடி, மேல ஒரு லைட்டு, பொகையாட்டம் தண்ணி தெளிக்கற மிசினு. சினிமாவுல வர்ற காடாட்டம் இருக்கும். எம்பட பொண்ணு பொழுதுக்கும் அதும் முன்னாலயே ஒக்காந்திருந்திருக்கறா. ரெண்டு பேரும் கழுத்தக் கட்டிக்கிட்டு அந்தப் பெட்டி பக்கத்துல நின்னு போட்டா எடுத்து, குடும்ப குரூப்புல போட்டிருந்தாங்க. எங்கூட்டுக்காரரு மஞ்சமண்டியில இருக்கற அத்தன பேருக்கும் அதைக் காட்டிட்டு வந்தாரு. நானும் பாத்தேன். சோத்தை மட்டும் கொஞ்சம் கொழைய விட்டுட்டேன் அன்னிக்கி.

பொங்கல் கழிச்சு சஷ்டிகாவுக்குப் பொறந்தநாளு. யமுனாவும் கொழுந்தனாரும் கார்ல வந்து எறங்குனாங்க. நான் புள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வெச்சிருக்கறேன். அவ ஒரு டப்பாவைத் தொறக்கறா, உள்ள ஒரு வெரல் நீளத்துக்குப் பச்சையா இது ஒக்காந்திருக்குது, கண்ணு ஒண்ணு கெழக்க பாக்குது, ஒண்ணு மேக்க பாக்குது. அவ்வளவுதான். பட்டுப்பாவாடை போன எடம் தெரியல. புள்ள ஓடிப் போயி சித்தியக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. அதோட ஒரு கூடும் கொண்டாந்திருந்தா. என்ன கூடுன்னு நெனைக்கறீங்க? வலைக்கூடு! நாலு பக்கமும் கொசுவலையாட்டம், மடிச்சு வெக்கறது.

நான் கேட்டேன், ஏன் யமுனா, உம்பட வூட்டுல கண்ணாடி வெச்சிருக்கற, எம்புள்ளைக்கு வலை கொண்டாந்திருக்கறயேன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அவ சொல்றா, "அக்கா, எங்கூருல குளுருங்க. கண்ணாடி வெச்சாத்தான் கதகதப்பு நிக்கும். ஈரோட்டு வெயிலுக்குக் கண்ணாடி ஆகாதுங்கக்கா, உள்ள அடைச்சு வெந்து போயிரும். இங்க காத்து போகோணும், வலைதான் நல்லது."

எப்படி வாய் சாமர்த்தியம் பாருங்க. எங்கூருக்கு வலை போதுமாமா. அவ ஊருக்கு மட்டும் கண்ணாடியாமா. இது இன்னிக்கி நேத்து கதை இல்லைங்க கண்ணு. அவ கண்ணாலம் ஆயி வந்தப்ப எம்மாமியா அவளுக்கு மாடி ரூமு குடுத்தாங்க, காத்தோட்டமா இருக்கும்னு. எனக்குக் கீழ, அடுப்படிக்குப் பக்கத்துல. கேட்டா, நீ வெடியால எந்திரிக்கறவ, உனக்கு இதுதான் தோதுன்னாங்க. எனக்கு எது தோதுன்னு ஊரே முடிவு பண்ணும். ஆனா பாத்தீங்கன்னா நல்லது எப்பவும் அக்கட்டாலதான் போகும்.

அவங்க கார் தெருமொக்கைத் தாண்டுனதும் அந்த வலைக்கூட்டை மடிச்சு மொட்டமாடிக்குக் கொண்டு போயிட்டேன். சும்மா சொல்லக் கூடாதுங்க, வத்தல் காயப் போடறதுக்கு அதை மாதிரி ஒண்ணு கெடையாது. காக்கா வாய் வெக்காது, நாலு பக்கமும் காத்து அடிக்கும், சூடு அண்டாது, பூசணம் புடிக்காது. கொத்தவர வத்தலு, மோர்மொளகா எல்லாம் அப்படி மொறுமொறுன்னு வந்துச்சு. பக்கத்து வூட்டு லட்சுமியம்மா கூட, இப்படி ஒண்ணு எங்க கெடைக்கும்னு கேட்டுச்சு.

பிஸ்தா எங்க இருந்துச்சா? அப்போதைக்கு சஷ்டிகா ஜன்னல்ல ஒரு செம்பருத்திச் செடி வெச்சு அதுல விட்டிருந்தா. நான் நேரா மீன்தொட்டி செய்யற கடைக்குப் போனேன். அந்தப் போட்டாவைக் காட்டி, இந்தப் பொம்பளைக்கு இடுப்பு வரைக்கும் வருதில்ல, எனக்கு நெஞ்சு வரைக்கும் வரோணும்னு கைய வெச்சுக் காட்டுனேன். கடைக்காரரு, மீனுக்குங்களாம்மான்னாரு. இல்லைன்னேன். மேல மட்டுமாவது வலை வெச்சுக் குடுக்கறேன், உசுருள்ளது மூச்சு விடோணுமில்லைங்களான்னாரு. வலைங்கற பேச்சே எடுக்காதீங்க, நாலு பக்கமும் கண்ணாடி, மேல மூடியும் கண்ணாடின்னு சொல்லிட்டேன். ஓரமா ரெண்டு ஓட்டை போட்டுக் குடுத்தாரு. அது போதுமில்ல?

வந்துச்சுங்க பெட்டி. நாலு ஆளு புடிச்சு எறக்குனாங்க. ஹாலுல ஜன்னலோரமா வெச்சேன், வர்றவங்க போறவங்க கண்ணுல படோணுமில்ல. மத்தியானத்துக்கு மேல வெயிலு நேரா அதும்மேல விழுகும், உள்ள எலையெல்லாம் அப்படி மின்னும். லைட்டும் போட்டேன். அவளோடதுல லைட்டு இருக்குது, எம்மவளோடதுல இருக்க வேணாமா? சஷ்டிகா, "அம்மா, நம்மூரு வெயிலுக்கு லைட்டு எதுக்கும்மா, சித்தி வலையிலதான் வெக்கச் சொன்னாங்க"ன்னு ஆரம்பிச்சா. சித்தி சொன்னாங்க! அந்த ரெண்டு வார்த்தையக் கேட்டா எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிரும். இது உங்க சித்தி வூடா, என்ர வூடான்னு கேட்டேன். புள்ள எந்திரிச்சு ரூமுக்குப் போயிருச்சு.

போட்டா எடுத்து குரூப்புல போட்டேன். எல்லாரும் கைதட்டற பொம்மை போட்டாங்க. யமுனாவும் போட்டா. போட்டுட்டுக் கீழ எழுதறா, 'ரொம்ப அழகா இருக்குங்கக்கா. மேல மூடிய மட்டும் தொறந்து வையுங்க, லைட்டு வேணாங்க.' பாத்தீங்களா? அவளோடதை விடப் பெருசுன்னதும் பொறுக்கல. பொறாமைங்க கண்ணு. சில பேருக்கு அடுத்தவங்க நல்லா இருந்தா கண்ணு உறுத்தும். எனக்கெல்லாம் அந்தக் கொணமே கெடையாது.

அந்தப் பிஸ்தா பண்ணுன கூத்தைக் கேளுங்க. பெட்டிக்குள்ள விட்டதும் கண்ணாடியில அதும் மூஞ்சி அதுக்கே தெரிஞ்சிருக்குது. எதுக்கால இன்னொருத்தன் வந்து நிக்கறான்னு நெனச்சுட்டு, ஒடம்பை ஊதிக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு, அப்படியே கருகருன்னு கருத்துப் போச்சு. பச்சையா இருந்தது கரிக்கட்டையாட்டம் ஆயிருச்சு. பொழுதுக்கும் இதே வேலை. திங்கறதில்ல, தூங்கறதில்ல, எதுக்கால நிக்கறவனையே மொறைச்சுக்கிட்டு. நான் சிரியா சிரிச்சேன். யாருமே இல்லாத எடத்துல ஒருத்தன் இருக்கறான்னு நெனச்சுட்டு இப்படிக் கருகுமா ஒரு சீவன்? அறிவு வேணாமா?

சித்திரை பொறந்துச்சு. ஈரோட்டு வெயிலு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. தார் ரோட்டுல செருப்பு ஒட்டும். பிஸ்தா கருப்பு போயி, வெளுத்துப் போச்சு. சுண்ணாம்பாட்டம். வாயத் தொறந்து வெச்சுட்டே கெளை மேல ஒக்காந்திருக்கும். நான் பசின்னு நெனச்சேன். எனக்குப் பூச்சின்னாலே கொமட்டும், இருந்தாலும் எம்புள்ளைக்காக அந்த வெட்டுக்கிளியக் கையில புடிச்சு உள்ள போட்டேங்க. யமுனா போடுவா, நான் போட மாட்டனா? கிண்ணத்துல தண்ணி வெச்சேன். அது தொடவே இல்ல. எலையில சொட்டு நின்னாத்தான் குடிக்குமாம், சஷ்டிகா சொல்றா. எல்லாம் அவ அங்க படிச்சுட்டு வந்த பாடம்.

ஒருநாளு நான் துணி மடிச்சுட்டிருக்கறேன், ரூமுக்குள்ள பேச்சு சத்தம் கேக்குது. கதவுகிட்டப் போயி நின்னேன். ஒட்டுக் கேக்கறவ நானில்ல, துணி வெக்கத்தான் போனேன். புள்ள போன்ல பேசறா. "சித்தி, அது கண்ணையே தொறக்க மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குது சித்தி. அம்மாகிட்டச் சொன்னாத் திட்டுவாங்க." எனக்கு மனசு பொக்குனு போச்சுங்க கண்ணு. பயமா இருக்குதுன்னா யாருகிட்ட சொல்லோணும்? பெத்தவ நான் அடுத்த ரூமுல இருக்கறேன். ராத்திரி இடி இடிச்சாக் கூட ஓடியாந்து என்ர முந்தானைக்குள்ள பூந்துக்கற புள்ளைங்க அது. அந்தப் பயத்தைத் தூக்கி மலைக்கு மேல அனுப்பி வெச்சிருக்கறா.

போனை வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். பரிச்ச நேரமில்லைங்களா, படிக்கோணும்னு சொன்னேன்.

கடைசிப் பரிச்ச எழுதிட்டு மத்தியானம் வந்தா. நான் அடுப்படியில இருந்தேன். பை விழுகற சத்தம் கேட்டுச்சு. வந்து பாத்தா, பெட்டிக்குள்ள, அடியில மண்ணு மேல அது குப்புறக் கெடக்குது, புள்ள மூடியத் தூக்க முடியாமத் தூக்கறா. கண்ணாடியத் தொட்டுட்டுக் கைய ஒதறுனா, அப்படிக் கொதிச்சிருக்குது. அதை எடுத்து நெஞ்சோட வெச்சுக்கிட்டு மாடிக்கு ஓடுனா. நான் பின்னால ஓடறதுக்குள்ள, வலைக்கூட்டுல இருந்த வத்தல் அத்தனையும் கொட்டிக் கவுத்துட்டா. வெண்டைக்கா வத்தலுங்க, பாதி காஞ்சு நல்ல பக்குவத்துல இருந்துச்சு. அத்தனையும் மண்ணுல. நான் கத்துனேன். என்னடி பண்ணி வெச்சிருக்கற, யாரு பொறுக்கறதுன்னு கேட்டேன். புள்ள என்னையத் திரும்பிப் பாத்துச்சுங்க. அழுகல. திட்டல. ஒரு பார்வை. அப்பறம் தண்ணித் தொட்டி நெழலுல கூட்டை வெச்சு, எலையில தண்ணியத் தெளிச்சுக்கிட்டே ஒக்காந்துக்கிச்சு. கீழ வரவே இல்ல.

அவங்கப்பா போன்ல இருந்து சித்தப்பனைக் கூப்பிட்டிருக்கறா. ராத்திரி போயி மக்யா நாளு கார் வந்துச்சு. யமுனா எறங்கி, என்ர பெட்டியப் பாத்தா, ஒண்ணும் சொல்லுல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சொல்லாம இருந்து என்னைய மட்டம் தட்டுனா பாருங்க, அதுதான் அவ சாமர்த்தியம். "அக்கா, பிஸ்தா தேறற வரைக்கும் அங்க வெச்சுக்கறேங்க, சஷ்டிகாவும் லீவுக்கு வரட்டுங்களா"ன்னு கேட்டா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கூட்டுக்காரரு போகட்டும்னுட்டாரு. புள்ள போயிட்டு வரேம்மான்னு ஒரே வார்த்தை. கார்ல முன்சீட்டு, மடியில அந்தக் கூடு.

அது பொழைச்சுக்கிச்சுங்க. ஆமா, நல்லா இருக்குதாமா. இப்ப யமுனாவோட கண்ணாடிப் பெட்டிக்குள்ள, குளுகுளுன்னு. அவளோட பழைய பச்சோந்தி தைமாசமே செத்துப் போச்சாமா, பெட்டி சும்மாத்தான் இருந்துச்சாமா. அங்க கண்ணாடி ஆகுமாமா! இங்க ஆகாதாமா! பாத்தீங்களா நாயத்தை?

போகட்டும், பச்சோந்தி எக்கேடோ கெட்டுப் போகட்டும். போன வாரம் எங்கூட்டுக்காரரு சோத்துக்கு முன்னால ஒக்காந்து மெதுவா ஆரம்பிக்கறாரு, "வசந்தாமணி, சஷ்டி ஒம்பதாவது அங்கயே படிக்கறேங்கறா. நல்ல பள்ளிக்கொடமாமா. யமுனா பாத்துக்குவா." வெச்ச சோறு அப்படியே இருக்குது. பள்ளிக்கொடம் தொறக்க இன்னும் கொஞ்ச நாளுதான். அவ அங்க சேந்துட்டா அப்பறம் எனக்கு என்னங்க இருக்குது? லீவுக்கு வந்து போற ஒறம்பரையாட்டம் வருவா. எம்புள்ள என்ர வூட்டுக்கு ஒறம்பரையா வருமா?

அதுக்குத்தாங்க இந்தக் கூடு. எடப்பாடிகிட்ட ஒரு பட்டறையில சொல்லிச் செஞ்சது. யமுனா குடுத்தது மொழங்கால் ஒசரம், இது சஷ்டிகா ஒசரம். வலை கேட்டயில்ல, இந்தா வலைன்னு கொண்டு போயி முன்னால வெச்சாப் புள்ள மனசு மாறாதா? இன்னிக்கே பிஸ்தாவ அந்தக் கண்ணாடில இருந்து எடுத்து இதுல விட்டுரோணும். நாளைக்கு ரெண்டையும் கூட்டிட்டுக் கெளம்பிருவேன்.

என்ன கண்ணு சொல்றீங்க? கோத்தகிரிக் குளுருக்கு ராத்திரி வலையில வெச்சா வெறைச்சுப் போயிருமா? அட, நீங்களும் அவளாட்டமே பேசறீங்களே! வலைதான் நல்லதுன்னு அவ வாயாலயே சொன்னாங்கறேன். வேணும்னா ஒரு துண்டு போட்டு மூடிக்கலாம்.

இருங்க, போன் அடிக்குது. சஷ்டிகாதான். அலோ, ஏஞ்சாமி? ஆமா, பஸ்ஸுலதான் இருக்கறேன், மலை ஏறிருச்சு. அப்பா சொல்லிட்டாரா? ஆமாஞ்சாமி, பெரிய கூடு, உம்பட ஒசரத்துக்கு. ஏஞ்சாமி? ஏன் வேணாங்கற? இல்ல, கேக்குது, சொல்லு. ம். ம். செரி. சாப்புட்டயா? செரி, வெக்கறேன்.

கேட்டீங்களா கண்ணு? கூடு வேணாமாமா. பிஸ்தாவுக்கு ஒண்ணும் வேணாமாமா. பலகாரம், துணிமணி எதுவும் தூக்கிட்டு வராதம்மா, நீ மட்டும் வா, நான் பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கறேன்னு சொல்றா. கொரலு ஒரு மாதிரி கம்மி இருந்துச்சு. அழுதாளா என்னன்னு தெரியல, இந்த வளைவுல சத்தம் விட்டு விட்டுத்தான் கேக்குது.

எல்லாம் அவ சொல்லிக் குடுத்துப் பேசற பேச்சுங்க. எங்க வூட்டுல எல்லாம் இருக்குது, நீங்க ஒண்ணும் கொண்டாரத் தேவையில்லைன்னு புள்ள வாயில சொல்ல வெச்சிருக்கறா. வேற என்ன அர்த்தம் அதுக்கு? நீங்க ஏன் என்னைய அப்படிப் பாக்கறீங்க?

வெறுங்கைய வீசிட்டு அந்த வூட்டுக்கு எப்படிங்க போறது? அங்க கண்ணாடிப் பெட்டி இருக்குது, செடி இருக்குது, கேரட்டு தோசை இருக்குது, தலை வலிக்காமப் பின்னறதுக்கு ஆளு இருக்குது. நீ மட்டும் வான்னு சொல்றா. என்னைய மட்டும் வெச்சுக்கிட்டு எம்புள்ள என்னங்க பண்ணுவா?